ஸ்கேனர் ஒளிராத ஓபிடி போர்ட்: காங்கயத்து வண்டி ஒன்றில் பியூஸையும் எர்த்தையும் தேடிய பதிவு

வண்டியின் பழுதுகளைப் படிக்க டேஷ்போர்டின் அடியில் வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகியும் அதன் திரை ஒளிரவில்லை என்றால், பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "ஈசியூ போயிருக்கும்" என்ற சொல்தான்; ஈசியூ என்பது என்ஜினை ஆளும் கணினி. வண்டிக்காரரும் பல ஆயிரம் ரூபாய் செலவுக்கு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வீடு திரும்புகிறார். உண்மையில் ஸ்கேனரின் திரை ஒளிர்வதற்கும் ஈசியூவுக்கும் தொடர்பே இல்லை. கையில் பிடித்துப் பார்க்கும் ஸ்கேனர், தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் போர்ட்டின் 16ஆம் பின் என்னும் சிறு உலோக முனையிலிருந்து எடுத்து 4ஆம் பின்னின் வழியாகத் திருப்பி விடுகிறது. ஈசியூவுடன் அது பேசத் தொடங்குவது திரை ஒளிர்ந்த பிறகுதான். வண்டி சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகி, சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஈசியூ இறந்துவிட்டது என்று சொல்வது, அதுவும் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதையே ஈசியூ முடிவுசெய்யும் இந்தக் காலத்து வண்டியில் சொல்வது, எந்த வகையிலும் பொருந்தாது.

காங்கயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் தாய்மாமாவின் டீசல் காருக்கு இதுதான் நேர்ந்தது. என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஸ்கேனர் உயிர் பெறவில்லை. "கம்ப்யூட்டரே போயிருச்சுங்களாமா மாப்ளே, நீங்க ஒருக்கா வந்து பாருங்க" என்று போனில் சொன்னவர், பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னார்: "சார்ஜர் போடற பாயிண்டும் ஆடி மாசத்துல இருந்தே வேலை செய்யறதில்லைங்க." எனக்கு வேண்டிய முதல் தடயம் அதிலேயே கிடைத்துவிட்டது. பல வண்டிகளில் 12 வோல்ட் சார்ஜர் சாக்கெட்டுக்கும் ஓபிடி போர்ட்டுக்கும் ஒரே பியூஸிலிருந்துதான் மின்சாரம் போகிறது. பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் படத்தில் சிகரெட் லைட்டர் சின்னம் மட்டும் இருக்கும். போர்ட்டின் பெயர் பல வண்டிகளில் அங்கே இருப்பதில்லை. அதனால் சார்ஜர் பாயிண்ட் செத்துப்போன செய்தியையும் ஸ்கேனர் ஒளிராத செய்தியையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வேலைக்குள் போகும் முன் போர்ட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின் எண்ணைத் தவறாக எண்ணினால் மேற்கொண்டு எடுக்கும் அளவுகள் எல்லாமே பொய்யாகிவிடும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இந்தப் பதினாறு பின் போர்ட், நம் நாட்டுக் கார்களில் 2013 ஏப்ரலில் ஓபிடி இரண்டாம் கட்ட விதி வந்ததிலிருந்து பொதுவாக எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் பார்த்தால் தெரியும். இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பின். அகலமான பக்கம் மேலே வருமாறு வைத்து நேராகப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை, கீழ் வரிசையில் 9 முதல் 16 வரை. பல வண்டிகளில் போர்ட்டைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். அப்போது எண்ணும் வரிசையும் தலைகீழாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 16 என்பது பேட்டரி பாசிட்டிவ். சாவி போடாவிட்டாலும் அங்கே மின்சாரம் இருக்க வேண்டும். 4 பாடி எர்த், அதாவது வண்டியின் இரும்பு வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி; 5 சிக்னல் எர்த். 6, 14 இரண்டும் ஈசியூவும் மற்றக் கணினிகளும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் கேன் லைன்கள், 7 ஸ்கேனர் பேசும் பழைய வகைக் கே-லைன். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 24 வோல்ட் வண்டிகளுக்கு இதே அளவில் வேறு வகைப் போர்ட் உண்டு, இரண்டு வரிசைகளுக்கும் இடையே ஓடும் பள்ளம் அதில் நடுவில் துண்டாக இருக்கும். காருக்கான மலிவு விலை ஸ்கேனரை அதில் அழுத்திச் செருகினால் ஸ்கேனர்தான் போகும்.

மல்டிமீட்டரின் தடித்த முனையைப் போர்ட்டின் பின்னுக்குள் நேராகக் குத்துவதை நான் ஒருபோதும் செய்வதில்லை. உள்ளே இருப்பது இரண்டு மெல்லிய இதழ்களாக வளைத்த பித்தளை; ஒரு முறை விரிந்துவிட்டால் பிறகு ஸ்கேனரின் பின்னை இறுகப் பற்றாது, நாம் தேடி வந்த பழுதோடு நாமே இன்னொன்றைச் சேர்த்ததாகிவிடும். அதற்கென்றே ஒரு பழைய ஓபிடி எக்ஸ்டென்ஷன் கேபிளின் ஆண் முனையை மட்டும் வெட்டி, 4, 5, 6, 14, 16 ஆகிய ஐந்து ஒயர்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி வைத்திருக்கிறேன். அதோடு மல்டிமீட்டர், ஹோல்டரில் மாட்டி இரண்டு ஒயர் இழுத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று. இந்தப் பதிவில் சொல்லும் கண்டுபிடிப்பு எல்லாம் இந்த மூன்றால் ஆனவை.

மாமாவின் வண்டியில் பியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்கால் உயரத்தில் இருந்தது. லைட்டர் சின்னத்துக்கு நேரே நீல நிற 15 ஆம்பியர் பியூஸ். பிளேடு பியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும்; பியூஸைப் பிடுங்காமலே மீட்டரின் ஒரு முனையைப் பாடியில் வைத்து, மறு முனையால் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு புள்ளியில் 12.5 வோல்ட், மறு புள்ளியில் ஒன்றுமில்லை. பியூஸ் போயிருந்தது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தபோது உள்ளிருக்கும் தகடு அறுந்திருந்ததோடு, ஒளிபுகும் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் கரும்படலம் தெறித்துப் படிந்திருந்தது. இந்தக் கரும்படலத்தை நான் எப்போதும் கவனமாகப் பார்ப்பேன். அளவுக்குச் சற்று மேல் மின்சாரம் இழுத்து மெதுவாக உருகிய பியூஸில் தகடு சுத்தமாக விட்டுப்போயிருக்கும். இப்படித் தெறித்திருந்தால் எங்கோ நேராக ஷார்ட் ஆகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பெட்டியில் உபரியாக ஒரு 15 ஆம்பியர் பியூஸ் இருந்தது. மாமா அதை எடுத்து நீட்டினார். அதைப் போட்டால் ஒன்று உடனே போகும், அல்லது நான் காங்கயத்தைத் தாண்டிய பிறகு போகும். பியூஸ் போனதுதான் பழுது என்று நினைப்பதால்தான் பல வண்டிகளில் இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. பியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுத் தன்னை இழந்திருக்கிறது. அது ஏன் போனது என்பதே கேள்வி. 15 நிற்கவில்லை என்று 30 ஆம்பியர் பச்சைப் பியூஸைச் செருகுவதும், அறுந்ததன் மேல் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. பியூஸ் காப்பது ஸ்கேனரையோ சார்ஜரையோ அல்ல, டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரை. பெரிய பியூஸ் போட்டால் அடுத்து உருகப்போவது அந்த ஒயர்தான், அதுவும் தன்னோடு சேர்த்துக் கட்டியிருக்கும் மற்ற ஒயர்களையும் எரித்துக்கொண்டு.

ஆகவே பியூஸ் இருந்த இடத்தின் இரண்டு வாய்களிலும், அறுந்த பியூஸ் ஒன்றின் கால்களைப் பற்றவைத்துச் செய்த முனை வழியாக, அந்த 21 வாட் பல்பைத் தொடராக இணைத்தேன். ஷார்ட்டைத் தேடுவதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. லைன் எங்கேயாவது பாடியைத் தொட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் பல்பே தடையாக இருப்பதால் இரண்டு ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும், ஒயர் எதுவும் சூடாகாது, ஒரு பியூஸும் வீணாகாது. ஷார்ட் விலகிய நொடியில் பல்பு அணையும். மீட்டரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டேஷ்போர்டுக்குள் கையை விடுவது சிரமம். பல்பின் வெளிச்சம் எங்கிருந்தாலும் தெரியும்.

இணைத்ததும் பல்பு எரியவில்லை. அதாவது அந்த நேரத்தில் ஷார்ட் இல்லை. இதுதான் ஏமாற்றும் இடம். புதுப் பியூஸைப் போட்டு, சார்ஜர் வேலை செய்கிறதென்று பார்த்து, கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதற்கு எல்லாம் பொருத்தமாக இருக்கும். சார்ஜர் சாக்கெட்டுக்குள் நாணயமோ உடைந்த சார்ஜரின் முனையோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், ஏனெனில் இந்தப் பியூஸ் போவதற்கு அடிக்கடி காரணமாவது அதுதான், சுத்தமாக இருந்தது. ஒயர்களை இணைக்கும் கப்ளரை ஆட்டினேன், ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்தேன், கதவை அடித்துச் சாத்தினேன். பல்பு அசையவில்லை. "ஆடி மாசம் வண்டியில் ஏதாவது மாற்றினீர்களா மாமா?" என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றும், சென்னையிலிருந்து மகன் நோம்பிக்கு வந்தபோது நாலு நாள் ஓட்டினான் என்றும் சொன்னார். மகன் மாமாவைவிட ஒரு முழம் உயரம். சீட்டைப் பின்னால் தள்ளியிருப்பான், ஸ்டியரிங்கின் உயரத்தையும் மாற்றியிருப்பான். சீட்டை நகர்த்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் நெம்புகோலைத் தளர்த்தி, வீலைக் கீழே அழுத்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மேலே தூக்கினேன், அணைந்தது.

கீழ்ப்பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: ஸ்டியரிங் தண்டைச் சுற்றி மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ இருந்தால் அது ஏர்பேக் லைன். அதில் மீட்டரும் கூடாது, பல்பும் கூடாது, கழற்றுவதும் கூடாது. அதை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தபோது, போர்ட்டின் 16ஆம் பின்னுக்குப் போகும் ஒயரைக் கடித்துக்கொண்டு ஒயரை வெட்டாமலே கிளை எடுக்க உதவும் ஒரு நீல நிற ஸ்னாப் கனெக்டர் தொங்கியது. அதிலிருந்து கம்பெனி ஒயரிங்கில் பாதித் தடிமன்கூட இல்லாத ஒரு சிவப்பு ஒயர் கிளம்பி, ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் அசையும் பிராக்கெட்டுக்கும் நடுவே புகுந்து, ஏர் கண்டிஷன் பெட்டிக்குப் பின்னால் போனது. பட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் உறை நசுங்கி விலகி, செம்பு இழைகள் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தன. அதற்கு நேர் எதிரே இரும்பில் சிறு கரும்புள்ளி, பொறி தெறித்த தடம்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் டிராக்கர். வண்டியை மாமா வாங்குவதற்கு முன்னால் அது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாடகைக்கு ஓடியது; அப்போது மாட்டியது. சிம் எப்போதோ காலாவதியாகியிருக்கும். தன்னிடம் அப்படி ஒன்று இருப்பது மாமாவுக்கே தெரியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்ஜினையும் டயரையும் பார்ப்பதுபோல, டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்து, கம்பெனி ஒயரிங்கில் இல்லாத ஒயர் ஏதாவது ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிராக்கர் மாட்டுவதில் தவறில்லை. அதற்கென்று 2 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தனிப் பியூஸ் ஒன்றை ஒயரின் தொடக்கத்திலேயே போட்டிருந்தால், டிராக்கரின் லைன் ஷார்ட் ஆனபோது அந்தச் சிறு பியூஸ் மட்டும் போயிருக்கும். போர்ட்டும் சார்ஜரும் தப்பியிருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, டிராக்கரை அதன் ஒயரோடு முழுவதுமாக எடுத்தேன். ஸ்னாப் கனெக்டர் கடித்த இடத்தில் அசல் ஒயரிலும் சில இழைகள் அறுந்திருந்ததால், அந்தத் துண்டை வெட்டி, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் சுருக்கி, மேலே துணி டேப் சுற்றினேன். பிளாஸ்டிக் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதன் பசை உருகி வழிந்து, சில மாதங்களில் டேப் தானாகக் கழன்றுவிடும்.

நெகட்டிவை மாட்டி, புது 15 ஆம்பியர் பியூஸைப் போட்டதும் சார்ஜர் வேலை செய்தது. போர்ட்டில் 16க்கும் 4க்கும் இடையே மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. ஸ்கேனரைச் செருகினேன். திரையில் வெளிச்சம் ஒரு துடிப்புத் துடித்து அணைந்தது. மறுபடியும் துடித்தது, அணைந்தது.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்த இடம்தான். மீட்டர் 12.4 காட்டிய பிறகும் கருவி இயங்காதபோது, ஸ்கேனரைக் குறை சொல்வார்கள், அல்லது மறுபடியும் ஈசியூவுக்குத் திரும்புவார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஏறக்குறைய மின்சாரமே இழுக்காமல் அளக்கிறது. சொட்டுநீர்க் குழாயின் வால்வு மூடியிருக்கும்போது பிரஷர் கேஜ் முழு அழுத்தத்தைக் காட்டும். திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் ஃபில்டர் அடைத்திருப்பது தெரியவரும். அதுபோலப் போர்ட்டில் லோடு கொடுத்து, அதாவது மின்சாரம் இழுக்கும் ஒன்றை இணைத்துத்தான் அளக்க வேண்டும்.

பல்பை 16க்கும் வண்டியின் பாடிக்கும் இடையே வைத்தேன். நல்ல வெளிச்சம். ஆக, பாசிட்டிவ் பக்கம் குறையில்லை. அதே பல்பை 16க்கும் 4க்கும் இடையே மாற்றினேன். இழை மட்டும் மங்கிய சிவப்பில் தெரிந்தது. பல்பை அப்படியே விட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை 4ஆம் பின்னிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தாக இருந்தால் அங்கே 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் தெரியக் கூடாது. பேட்டரியின் 12.5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு எர்த் ஒயரின் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. பல்பைக் கழற்றினால் அதே இடத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லோடு இல்லாமல் தேடுகிறவர் கண்ணில் இந்தப் பழுது படவே படாது.

பல வண்டிகளில் 4ஆம் பின்னின் எர்த்தும் 5ஆம் பின்னின் எர்த்தும் தனித்தனி இடங்களில் முடியும். இந்த வண்டியில் இரண்டு கறுப்பு ஒயர்களும் ஒரே வளையத்தில் சேர்ந்து, டேஷ்போர்டுக்குள் ஒரு பிராக்கெட்டின் திருகில் முடிந்தன. அதனால் ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்க வழியில்லை. அந்தத் திருகைப் பார்த்ததும் கதை விளங்கியது. டிராக்கரின் எர்த் வளையத்தையும் அதிலேயே மாட்டியிருந்தார்கள்; இரண்டு வளையங்களுக்கும் திருகின் நீளம் போதாததால், அசல் இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்துத் துளையில், பெயின்ட் அடித்த பரப்பின் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். திருகின் மரைகள் வழியாக மட்டும் கொஞ்ச காலம் எர்த் கிடைத்திருக்கிறது. பிறகு மரையில் துரு ஏறி, அதுவும் போய்விட்டது. வளையத்தின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

வளையத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரில் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை உரித்து, புது வளையத்தைக் கிரிம்ப் செய்தேன். பிராக்கெட்டின் அசல் துளையைச் சுற்றி உப்புத்தாள் கொண்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, முடுக்கிய பிறகே மேலே வாசலின் தடவினேன். தடவிவிட்டு முடுக்குவது சிலருடைய பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, உலோகம் உலோகத்தோடு சேர்ந்த பிறகுதான் ஈரம் புகாமல் மூட வேண்டும். மறுபடியும் அதே சோதனை: பல்பு 16க்கும் 4க்கும் இடையே முழு வெளிச்சத்தில் எரிய, 4க்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.05 வோல்ட்.

ஸ்கேனரைச் செருகும் முன் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். ஷார்ட்டும் கெட்ட எர்த்தும் இருந்த போர்ட்டில் கேன் லைன்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற ஐயத்தில், பேட்டரி நெகட்டிவை மறுபடி கழற்றிவிட்டு, 6க்கும் 14க்கும் இடையே ஓம் அளந்தேன். கேன் லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இணையாக இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டிருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு லைன்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. 60.8 வந்தது.

ஸ்கேனரின் திரை நிலையாக ஒளிர்ந்தது. சாவியைத் திருப்பியதும் ஈசியூ உடனே பதில் சொன்னது; பி0401 என்ற ஒரே ஒரு பழுதுக் குறியீடு. என்ஜின் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வழியாகத் திரும்ப வேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்று பொருள். ஆலைக்கும் வீட்டுக்குமாகக் குறைந்த தூரமே ஓடும் டீசல் வண்டியில் இஜிஆர் வால்வில் கரி அடைப்பது இயல்பு. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது பட்டறை வேலை என்பதால், குறியீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். சுத்தம் செய்து குறியீட்டை அழித்த பிறகு என்ஜின் விளக்கு திரும்ப எரியவில்லை.

மாமாவின் மகன் இப்போது போனோடு பேசும் சிறு ஸ்கேனரான ப்ளூடூத் டாங்கிள் ஒன்றை வாங்கி அந்தப் போர்ட்டிலேயே நிரந்தரமாகச் செருகி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் தம்பி என்றுதான் சொன்னேன். 16ஆம் பின் சாவியை எடுத்தாலும் அணையாது. டாங்கிள் 40 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி போய்விடும், அறுவடைக்காலத்தில் பத்து நாள் எடுக்காமல் நிற்கும் வண்டிக்கு அது ஏறக்குறைய பத்து ஆம்பியர்-மணி இழப்பு. தேவைப்படும்போது செருகிப் பார்த்துவிட்டு, பார்த்ததும் எடுத்து கிளவ் பாக்ஸில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.